பட்டியலில் கானாவும் இருந்தது

சென்ற மாதம் அஜின்கோர்ட்டில் அந்தத் தேநீர்க்கடையில் பதிப்பகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் என்னை நடுவில் இருத்தி வைத்துக் கேட்டீர்கள்: "அன்ரி, பப்ளிஷிங்கில இருபத்தாறு வருஷம் இருந்திருக்கிறீங்கள். எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோவன்." நான் றோல்ஸைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டேன். வாய் நிறைய இருந்தபடியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

நீங்கள் எதைக் கேட்க ஆசைப்படுகிறீர்கள் என்று தெரியும். எந்தப் பெரிய எழுத்தாளர் கோபக்காரர், எந்தப் பரிசு விழாவில் யார் யாருக்கு முகம் கொடுக்கவில்லை, இப்படி. எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் சொல்ல அலுப்பாக இருக்கிறது. நான் வேலை பார்த்தது ரொறன்ரோவில் நடுத்தர அளவான ஒரு பதிப்பகத்தில், ஒப்பந்தமும் உரிமையும் பார்க்கிற பகுதியில். ஒரு புத்தகத்தை எந்த நாட்டில் யார் அச்சிடலாம், யார் விற்கலாம் என்று எழுதிவைக்கிற காகிதத்தைத் தயாரிப்பதுதான் என் வேலை. அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டித்தனம் ஒரு பெண்ணுக்கு என்ன செய்தது என்று எழுதுகிறேன். இதைவிடப் பிரயோசனமான வேறொன்றும் என் கையில் இல்லை.

முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டும். நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவள். என் விசாரணை நடந்த அன்று ஒரு திகதி மாறியிருந்ததற்காக, அந்த ஒரு திகதிக்காக, என்னை ஒரு மணித்தியாலம் குடைந்தார்கள். காகிதத்தில் ஒன்று பிழைத்தால் ஆளையே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அன்றைக்கு என் உடம்பு படித்துக்கொண்டது. பிறகு பதிப்பகத்தில் வேலை கிடைத்தபோது அந்தப் பயம் ஒரு திறமையாகத் தோற்றமளித்தது. இவளின் காகிதத்தில் பிழையே வராது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன்.

அபெனா எங்களிடம் வந்தது நான் அந்த வேலையில் நன்றாக ஊறிய பிறகு. கானாவில் கடலோரத்தில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். மிசிசாகாவில் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த காலத்திலேயே இரண்டு சிறிய புத்தகங்கள் போட்டிருந்தார். போட்டிருந்தார் என்றால், தானே அச்சகத்துக்குப் போய், தானே பெட்டிகளை மினி பஸ்ஸில் ஏற்றி, தேவாலயம், பள்ளிக்கூடம், சந்தை என்று கொண்டு திரிந்து விற்றிருந்தார். மூன்றாவதை இங்கே வந்து, வேலை முடிந்து வீடு போகும் பஸ்ஸில் இருந்து எழுதினார்.

அந்தப் புத்தகம் அவருடைய அக்கா எஃபுவாவைப் பற்றியது. தாய் தகப்பன் சிறுவயதிலேயே போய்விட்ட வீட்டில், எஃபுவா கடற்கரையில் மீனைப் புகையில் வாட்டி விற்று, தங்கையைத் தாதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். தான் கல்யாணம் கட்டியதும் பிந்தித்தான். அவருடன் அதே அடுப்புகளில் நின்ற நான்கு பெண்களும் சொந்தப் பெயருடனேயே புத்தகத்தில் வருகிறார்கள். நான் ஒப்பந்தம் எழுதும் புத்தகங்களை வாசிப்பதில்லை, நேரம் இருக்காது. இதை வாசித்தேன். இரண்டு இடத்தில் அழுதேன்.

ஒப்பந்தம் கையெழுத்திடும் நாளில் அபெனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவர் பேசியது ஆங்கிலத்தில். எனக்கு அவருடைய குரல் ஞாபகம் வரும்போது என் வாயில் வருகிற தமிழிலேயே வருகிறது, மற்றவர்கள் பேசியதையும் அப்படியே எழுதுகிறேன்.

"இந்தப் புத்தகம் என்ர ஊருக்கு வருமோ?"

"உலக உரிமை எங்களிட்ட இருக்கு," என்றேன். "கானாவும் அதுக்குள்ள அடக்கம்."

அவர் சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். வருமோ என்று கேட்டவருக்கு, உரிமை எங்களிடம் இருக்கிறது என்று பதில் சொன்னேன். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நான் அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. நல்ல செய்தி சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

புத்தகம் இங்கே நன்றாகப் போனது. பத்திரிகைகளில் எழுதினார்கள், ஒரு பரிசின் நெடும்பட்டியலில் பெயர் வந்தது. லண்டனில் ஒரு பதிப்பகம் கேட்டது, கொடுத்தோம். லண்டன்காரருக்குப் புத்தகம் கொடுக்கும்போது ஒப்பந்தத்தின் கடைசியில் நாடுகளின் பட்டியல் ஒன்று சேர்ப்போம். அவர்கள் மட்டும் விற்கலாம், வேறு யாரும் விற்கக்கூடாது என்கிற நாடுகள். பிரித்தானியா ஒரு காலத்தில் ஆண்ட நாடுகள் அத்தனையும் அதில் இருக்கும், ஒன்றரைப் பக்கம். எப்போதோ யாரோ தயாரித்தது. எடுத்து ஒட்டுவது மட்டும்தான் எங்கள் வேலை.

அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது இன்னும் 'சிலோன்' என்றே கிடந்தது. முதல் வருடமே அதைத் திருத்தி 'ஸ்ரீலங்கா' என்று போட்டேன். மேலதிகாரி எல்லோருக்கும் காட்டிப் பாராட்டினார். நானும் பெருமைப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. என் நாட்டின் பெயரைத் திருத்திய எனக்கு, என் நாட்டுக்குப் போகும் புத்தகத்தை ஏன் லண்டனில் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இருபது வருடம் அந்தப் பக்கத்தை ஒட்டினேன். அபெனாவின் புத்தகத்துக்கும் ஒட்டினேன்.

அடுத்த இளவேனிலில் கானாவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. குமாசி நகரத்தில் இரண்டு அறையில் பதிப்பகம் நடத்தும் ஒருவர். அபெனாவின் புத்தகத்தை உள்ளூரில் மலிவான தாளில் அச்சிட அனுமதி கேட்டிருந்தார். அபெனாவின் ஊர்க்காரர் வெளியீட்டு விழா வைக்க நாள் பார்த்துவிட்டார்கள், அதற்குப் பிரதிகள் வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பழக்கம், எந்த மின்னஞ்சலுக்கும் அன்றே பதில் போட்டுவிடுவேன். நான்கு வரியில் எழுதினேன்: அந்தப் பிரதேசத்தின் உரிமை லண்டன் பதிப்பகத்திடம் உள்ளது, ஆகவே அனுமதி தர இயலாது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

அவர் திருப்பி ஒரே ஒரு வரி எழுதினார். லண்டன் பதிப்பு எங்கள் நாட்டில் எந்தக் கடையில் இருக்கிறது என்று சொன்னால் நானே போய் வாங்கிக்கொள்கிறேன், அம்மணி.

என் வேலைக் காலத்தில் எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர் யார் என்று யாராவது கேட்டால், நான் ஒருநாளும் முகம் பார்க்காத அந்த மனிதரைத்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. வாயாடி என்று நினைத்துப் பதில் போடாமல் விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அபெனா நேரே அலுவலகத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரி உடுப்போடு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு முன்னால் இருந்தார்.

"ரஞ்சி, அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் பழுதாப் போச்சு. டொக்டர் எனக்குச் சொல்லாததையும் நான் அந்த ரிப்போர்ட்டில வாசிச்சிட்டன். ஆறு கிழமையில விழா. மண்டபம் எடுத்தாச்சு, ஊர்த் தலைவர் வாறார், பாடுறதுக்குத் தேவாலயத்துப் பிள்ளையள் பழகினம். அக்கா மேடையில இருந்து முதல் பிரதி வாங்கோணும். அவவோட நிண்ட நாலு பேரும் முன்வரிசையில இருக்கப்போயினம். எனக்குப் புத்தகம் வேணும்."

"இங்கயிருந்து கொண்டு போகலாம்," என்றேன். "ஆனா அங்க விக்கேலாது. அது லண்டன்காரரின்ர இடம்."

"சும்மா குடுக்கச் சொல்லுறீங்களோ?"

"ஓம், அன்பளிப்பாக் குடுக்கலாம்."

அவர் என்னை ஒரு விதமாகப் பார்த்தார். "சும்மா குடுத்தா ஊர் கோபிக்கும். உன்ர புத்தகத்தை வாங்க எங்களுக்கு வக்கில்லையோ எண்டு கேக்கும். காசு குடுத்து வாங்கிறதுதான் அங்க மரியாதை. முதல் பிரதியை ஏலம் கூறுவினம். பெரியாக்கள் எழும்பி, எனக்குப் பத்து, எனக்கு இருபது எண்டு சொல்லுவினம். அப்பிடி விழா நடக்காட்டி, அது புத்தகமே இல்லை."

நான் லண்டனுக்கு எழுதுகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன். எழுதினேன். கானாவை மட்டும் பட்டியலில் இருந்து விடுவித்துத் தர முடியுமா என்று, மிகவும் மரியாதையாக, மூன்று பந்திகளில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அத்தானுடைய புத்தக வெளியீடு. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர், சிறுகதை எழுதுகிறவர். உங்களில் இரண்டு பேர் அவருடைய விழாவுக்கு வந்து வடை சாப்பிட்டிருக்கிறீர்கள். சென்னையில் அச்சடித்து, பெட்டி பெட்டியாகக் கப்பலில் இறக்கி, மோர்னிங்சைட்டில் உள்ள வீட்டுக் கராஜில் அடுக்கி வைத்திருப்பார். "கார் வெளியில பனிக்குள்ள நிக்குது, புத்தகம் உள்ளுக்க சூட்டில கிடக்குது," என்று அக்கா ஒவ்வொரு குளிர்காலமும் சொல்வார். எனக்கு என்ன தோன்றியதோ, அபெனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய மனம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான்.

ஸ்காபரோவில் வழக்கமான மண்டபம்தான். விளக்கேற்றினார்கள். ஆசியுரை, வாழ்த்துரை, ஆய்வுரை என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் இருபது நிமிடம் பேசினார்கள். பிறகு முதல் பிரதியை மேடையில் கொடுத்தார்கள். அதன் பிறகு சிறப்புப் பிரதிகள். ஒலிவாங்கியில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவர்கள் எழும்பிப் போய் அத்தானிடம் கடித உறையைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கி, படமும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். உறைக்குள் இருப்பது புத்தகத்தின் விலை இல்லை. அது அவரவர் அத்தானுக்குச் செய்கிற மரியாதை.

அபெனா முதலில் ரசித்துப் பார்த்தார். பேச்சு நீளும்போது கைக்கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தார். தங்கள் ஊரிலும் தலைவர் ஒருவர் இப்படித்தான், ஒலிவாங்கியைக் கொடுத்தால் திருப்பி வாங்க முடியாது என்றார். சிறப்புப் பிரதி வாங்க ஆட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியதும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்கள் எத்தினை வருஷமா இப்பிடிச் செய்யிறீங்கள்?"

"எனக்கு நினைவு தெரிஞ்ச நாளில இருந்து."

"அப்ப, உங்களுக்குத் தெரியும்." மேடையைப் பார்த்தபடியேதான் சொன்னார், குரலை உயர்த்தவில்லை. "நான் கந்தோரில, உங்கட மேசைக்கு முன்னால இருந்து விளங்கப்படுத்தினதெல்லாம் உங்களுக்கு முதலே தெரியும். நான் இவ்வளவு நாளும் நினைச்சன், நீங்கள் இந்த நாட்டு ஆள், உங்களுக்கு உது விளங்காது எண்டு. தெரிஞ்சுகொண்டே எனக்கு அந்தப் பேப்பரைத் தந்தனீங்கள்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் நான் ஒரு ஆள். திங்கட்கிழமை நகரத்துக்கு ரெயில் ஏறினால் வேறு ஆள். இந்த ஆளுக்குத் தெரிந்ததை அந்த ஆளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாகவும் இருந்தது. கராஜில் அடுக்கி உறையில் வாங்குவதெல்லாம் எங்கள் வீட்டுக் கூத்து, தொழில் என்பது அலுவலகத்தில் நடப்பதுதான் என்று நினைத்திருந்தேன்.

விழா முடிந்து பெட்டிகளைக் காரில் ஏற்றும்போது அத்தானிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"உதுக்கு ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறாய்?" என்றார். "அந்தக் கானா மனுசனுக்குச் சொல்லு, அச்சடிக்கச் சொல்லி. ஆர் அங்க போய்ப் பாக்கப்போறான்?"

"நான் அப்பிடிச் சொல்லேலாது அத்தான். என்ர வேலை போகும்."

பக்கத்தில் நின்ற அபெனாவுக்கு என்ன பேசுகிறோம் என்று விளங்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னதும் அவரும் மறுத்துத் தலையை ஆட்டிவிட்டார். "வேண்டாம். நான் கையெழுத்துப் போட்டனான். அக்கா அப்பிடி வந்த புத்தகத்தைத் தொடமாட்டா."

திங்கட்கிழமை என் மேசையில் போன் இருந்தது. லண்டனில் உரிமைகள் பார்க்கும் பெண்ணின் நேரடி இலக்கமும் இருந்தது. ஒவ்வொரு வருடமும் புத்தகச் சந்தையில் சந்திப்போம். பிள்ளைகளின் படம் காட்டியிருக்கிறார். ஒன்பது மணிக்கு எடுத்தால் அங்கே பகல் இரண்டு மணி, இருப்பார். நான் எடுக்கவில்லை. தயவுசெய்து இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள், மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

ஏன் எடுக்கவில்லை? என் இயக்குநரிடம் கேட்டேன். அவர், "ஒரு நாட்டைத் திருப்பிக் கேட்டா அவை மற்றதையும் பேச வெளிக்கிடுவினம். இமெயில் போட்டாச்சுத்தானே, பொறுங்கோ," என்றார். அது ஒரு சாட்டு. உண்மையான காரணம் என்னிடம்தான் இருந்தது. மின்னஞ்சலுக்குப் பதில் வராதவரை மறுப்பும் இல்லை, போனில் நேரே கேட்டு அவர்கள் 'முடியாது' என்று சொல்லிவிட்டால் அது பதிவாகிவிடும். பதிவான மறுப்பை மாற்றவே முடியாது என்று என்னுடைய அகதி வழக்குக் காலத்தில் பார்த்துப் பார்த்துப் பயந்திருந்தேன். நேரே கேட்காமல் இருந்தால் கதவு திறந்தே இருக்கும் என்று ஒரு எண்ணம். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இப்படி வாழ்நாள் முழுக்க ஒன்றையும் கேட்காமல் இருந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் தாய் தகப்பனிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் கிழமை நினைவூட்டல் போட்டேன். அந்த லண்டன் பெண் விடுமுறையில் இருக்கிறார் என்று தானியங்கிப் பதில் வந்தது. மூன்றாம் கிழமை இன்னொன்று போட்டேன். அபெனா ஒவ்வொரு வெள்ளியும் போன் எடுத்தார். "பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று ஒவ்வொரு வெள்ளியும் சொன்னேன். நான்காம் வெள்ளிக்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

பதிப்பகம் எழுத்தாளருக்கென்று கொடுத்த பத்துப் பிரதிகளில் அவரிடம் ஒன்று மிஞ்சியிருந்தது. விற்கக்கூடாத பிரதிகளை வாங்கிச் சுமந்துகொண்டு போக மனமில்லாமல், அதை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

விழா நடந்தது. பிறகு அவரே சொன்னார், மண்டபம் நிரம்பி வெளியிலும் ஆட்கள் நின்றார்களாம். எஃபுவாவைக் கதிரையோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். இருந்த ஒரு பிரதியை ஊர்த் தலைவர் அவருடைய கையில் கொடுத்தார். அடுத்து ஏலம் கூற வேண்டும், கூறுவதற்கு ஒன்றும் இல்லை. ஆட்கள் காசோடு எழும்பி நிற்கிறார்கள். அபெனா மேடையில் நின்று, புத்தகம் இன்னும் வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்று தன்னுடைய ஊருக்கு முன்னால் சொன்னார். இங்கே பத்திரிகையில் படம் வந்த பெண், அங்கே வெறுங்கையோடு நின்றார். பிறகு பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் ஒரு கொப்பியைக் கொண்டு வந்து, வேண்டியவர்கள் பெயரும் எத்தனை பிரதி என்றும் எழுதுங்கள், வந்ததும் தருவோம் என்றார். வரிசையில் நின்று எழுதினார்களாம். எஃபுவா தன் கையில் இருந்த பிரதியை அந்த ஆசிரியையிடமே கொடுத்துவிட்டார், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி.

விழா முடிந்து ஒன்பதாம் நாள் லண்டனிலிருந்து பதில் வந்தது. நான் மூன்று பந்தி எழுதிய மின்னஞ்சலுக்கு இரண்டு வரி. 'மன்னிக்கவும், விடுமுறையில் இருந்தேன், வந்த பிறகும் இது கண்ணில் படவில்லை. கானாவா? தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் அங்கே ஒரு பிரதிகூட அனுப்பியதில்லை.'

நான் அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அவர்கள் மறுக்கவே இல்லை. மறுக்க வேண்டும் என்கிற நினைப்புக்கூட அங்கே யாருக்கும் இருக்கவில்லை. அவர்கள் கவனிக்காத ஒரு வாசலில் நான்தான் காவல் நின்றேன். மறித்ததும் நான்தான்.

அப்போதுதான் போனை எடுத்தேன். குமாசிக்கு. அந்தப் பதிப்பாளர் குரலில் கோபம் ஒன்றும் இருக்கவில்லை. "கடிதம் அனுப்புங்கோ, நாளைக்கே தாள் வாங்கிறன்," என்றார். மற்ற எழுத்தாளர்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். "எல்லாருக்கும் இப்பிடித்தான்," என்றார். "எங்கட ஆக்கள் உங்களிட்ட வந்து பெயர் எடுக்கினம். பிறகு அந்தப் பெயரைப் பேப்பரில நாங்கள் வாசிக்கிறம். புத்தகத்தை வாசிக்கிறேல்ல." பெட்டிகள் ஒன்றரை மாதத்தில் அபெனாவின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. எஃபுவா அதற்குப் பதினொரு நாளைக்கு முன்னால் இறந்துபோனார்.

செத்த வீடு முடிந்து திரும்பி வந்த அபெனா என்னைப் பார்க்க வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடி வைத்திருந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நீங்கள் கெட்ட ஆள் இல்லை, ரஞ்சி. நீங்கள் கவனமான ஆள்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு போனில் ஒரு படம் காட்டினார். அந்தக் கொப்பியின் முதல் பக்கம். முதல் பெயர் எஃபுவாவுடையது, நடுங்கிய கையெழுத்தில். நேரே ஐந்து என்று எழுதியிருந்தது.

"நாலு அவையளுக்கு," என்றார். "அவவோட அடுப்பில நிண்ட நாலு பேருக்கும். கையில இருந்ததைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திட்டாதானே, அதால ஒண்டு தனக்கு."

அதன் பிறகு நான் நான்கு வருடம்தான் வேலை பார்த்தேன். அந்தப் பட்டியலை அப்படியே ஒட்டுவதை விட்டேன். ஒவ்வொரு நாட்டின் பெயரிலும் விரலை வைத்து, இங்கே யார் கொண்டுபோய் விற்கப் போகிறீர்கள், ஆளின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்பேன். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் வெட்டுவேன், உரிமை எழுத்தாளரிடமே நிற்கும். இயக்குநர் முணுமுணுத்தார். கூட்டங்களில் எனக்குக் கரைச்சல்காரி என்று பெயர் வந்தது. சில ஒப்பந்தங்களில் வெட்ட விடவில்லை, தோற்றேன். நான் வெளிக்கிட்ட பிறகு பழைய பட்டியலையே மறுபடி ஒட்டுகிறார்கள் என்று கேள்வி. கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு களைத்துவிட்டேன்.

இனி அது உங்கள் மேசைக்கு வரும். நீங்கள் இங்கே பிறந்தவர்கள், உங்களை எந்த விசாரணையிலும் ஒரு திகதிக்காகக் குடையவில்லை. போனை எடுக்க உங்களுக்கு என்ன பயம்? யாராவது ஒரு எழுத்தாளர் உங்கள் முன்னால் இருந்து, என் ஊருக்கு வருமோ என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அன்றைக்கே விசாரியுங்கள். எழுதிவிட்டேன்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

அன்றைக்கு அபெனா போகும்போது ஒரு புத்தகத்தை என் மேசையில் வைத்தார். குமாசிப் பதிப்பு. தாள் கொஞ்சம் மஞ்சள், அட்டை மெல்லியது. நான்கையும் அந்த நான்கு பேருக்கும் கொடுத்துவிட்டாராம். இது ஐந்தாவது.

நீங்கள் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொருவராக வாசியுங்கள். ஆனால் மறக்காமல் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும். அது என்னுடைய பிரதி இல்லை.